பிள்ளைத்தாச்சி மீன் சாப்பிடலாமா? வெள்ளவத்தையில் வாங்கும் மீன் பற்றி ஒரு கேள்வி

மரைன்டிரைவ்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். இரண்டு பேருமே மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆட்கள். போன கிழமை அவளுடைய அலுவலகத்தில் ஒருவர், "பிள்ளை பிறக்கும்வரை மீனைத் தொடவே கூடாது, மெர்க்குரி இருக்கிறது, பிள்ளையின் மூளையைப் பாதிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மீன் சட்டியை அடுப்பில் வைத்தாலே எழுந்து போய்விடுகிறாள். கிளினிக்கில் மிட்வைஃப் சொல்வதோ நேர் எதிர்: கட்டாயம் மீன் சாப்பிடுங்கள், நெத்தலி சாப்பிடுங்கள் என்கிறார்.

நாங்கள் வழக்கமாக வாங்குவது கெலவல்லா (சூரை) துண்டு, இல்லாவிட்டால் தலபத் (மயில்மீன்) துண்டு. முள் இல்லை, வெட்டிக் கழுவும் வேலையும் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் பின்னேரம் வாங்கிக்கொண்டு வருவேன். இதில் எதை விட வேண்டும், எதைத் தொடரலாம்? 2021இல் நம் கடலில் கப்பல் எரிந்ததே, அதன் நஞ்சு இன்னும் மீனில் இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் பருத்தித்துறையிலிருந்து மாமி வருகிறார். வந்தால் மூன்று நேரமும் மீன்தான். அதற்கு முன் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

பம்பலப்பிட்டி_77:

தம்பி, நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகம் இருக்கும் பொருளை வயிற்றுப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இன்னும் நாலைந்து மாதம்தானே? பருப்பு, முட்டை, பால், கீரை இருக்கிறது. ஆளிவிதையில் ஒமேகா-3 இருக்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் நைட்ரிக் அமிலம் மட்டும் 25 தொன் இருந்தது. பிளாஸ்டிக் மணிகள் கரை முழுக்கக் குவிந்து கிடந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு என் வீட்டில் கடல் மீன் வாங்குவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டோம்.

கொட்டாஞ்சேனை_அக்கா:

தம்பி, நீர்கொழும்புப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோது மீன் சாப்பிட்டேன். என் மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அவளுக்கும் என் கையாலேயே சமைத்துக் கொடுத்தேன். மீனைத் தெரிந்தெடுத்துத்தான் கொடுத்தேன். பம்பலப்பிட்டி அண்ணாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முழுவதும் நிறுத்துவது பிள்ளைக்கு நல்லதென்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் மெர்க்குரி. அலுவலகத்தில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு இரசாயனத் தொழிற்சாலை குடாவுக்குள் விட்ட கழிவு மீனில் ஏறி, அந்த மீனைத் தின்ற குடும்பங்கள் நரம்பு பாதித்துச் சிதைந்துபோயின. அந்த நோய் வெளியே தெரிந்தது 1956இல். தாய்க்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாதபோதும் வயிற்றுப் பிள்ளைகள் மூளை பாதித்துப் பிறந்தார்கள். அதனால்தான் கர்ப்பிணிகள் விஷயத்தில் உலகம் முழுக்க இவ்வளவு கவனம்.

நம் கடலில் நடப்பது அந்த மாதிரி அல்ல. நிலக்கரி எரிப்பதிலிருந்தும், தங்கம் பிரித்தெடுக்கும் இடங்களிலிருந்தும், எரிமலைகளிலிருந்தும் மெர்க்குரி காற்றில் ஏறி, பிறகு எல்லாக் கடலிலும் இறங்குகிறது. நீரில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெதைல் மெர்க்குரி என்ற, உடம்பில் தங்கிவிடும் வகையாக மாற்றிவிடும். சாளை, நெத்தலி போன்றவை மிதவை உயிர்களைத் தின்று குறுகிய காலமே வாழ்பவை. அவற்றில் சேர்வது மிகக் கொஞ்சம். அந்தச் சின்ன மீனைத் தின்னும் மீன், அதையும் தின்னும் பெரிய மீன் என்று மேலே போகப் போக, வயதும் கூடக் கூட, உடம்பில் தங்குவது ஏறிக்கொண்டே போகும். அது சதையோடு பிணைந்து இருப்பதால் தோலை உரித்தாலும் போகாது, புளி போட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஐரோப்பாவுக்குப் போகும் கெலவல்லாவுக்கும் வாள்மீனுக்கும் பார்த்த எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். பெரிய வாள்மீன் என்றால் முடிவு வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. சின்ன மீனில் அந்தக் கவலை இருந்ததேயில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் இப்போது விட வேண்டியது தலபத். அதோடு கொப்பரா (மார்லின் மீன்), வாள்மீன், பெரிய சுறா. இவை எல்லாம் கடலின் மேல்தட்டு வேட்டைக்காரர்கள். பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும்வரை வேண்டாம். கெலவல்லாவைக் கிழமைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்வதும் அதுதான்: மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது நம் கெலவல்லா, கிழமைக்கு ஒரு முறை. பெரிய கண் சூரையோ அறவே வேண்டாம். துண்டாக வெட்டி அடுக்கிய பிறகு இந்த இரண்டையும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் நான் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குத் துண்டு மீனையே பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை. முழு மீனாக வாங்குங்கள். அதன் அளவே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அறுக்குளாவும் கிழமைக்கு ஒருநாள் மீன்தான். அதற்குக் கொடுக்கும் விலைக்கு மூன்று நாள் கீரிமீன் வாங்கலாம்.

தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: சாளை, சூடை, கீரிமீன், நெத்தலி, லின்னா, கும்பளா. இறால், நண்டு, கணவாயிலும் மெர்க்குரி குறைவு. ஆனால் கணவாயின் குடல்பகுதியையும் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியையும் இந்த மாதங்களில் எறிந்துவிடுங்கள். கட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும் இடம் அது. அளவு என்று கேட்டால் கிழமைக்கு இரண்டு மூன்று நேரம், சமைக்காத எடையில் மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை.

இப்போது ஏன் நிறுத்தக் கூடாது என்பது. பிள்ளையின் மூளையும் விழித்திரையும் கட்டப்படும்போது டி.எச்.ஏ. என்ற கொழுப்பு தேவை. கடைசி மூன்று மாதங்களில் அது மிக வேகமாகச் சேரும். உங்கள் மனைவி அந்தக் கட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். ஆளிவிதையில் இருப்பது வேறு வகை. நம் உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் டி.எச்.ஏ.வாக மாற்றும். மீனில் அது ஆயத்தமாக இருக்கிறது. கூடவே அயடின், செலீனியம், பி12, விட்டமின் டி. முள்ளோடு கடித்துத் தின்னும் நெத்தலியில் கல்சியம்.

இரண்டு தீவுகளின் ஆய்வுகளை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். பரோ தீவுகளில் தாய்மார் பைலட் திமிங்கில இறைச்சி சாப்பிட்டார்கள், அதில் மெர்க்குரி மிக அதிகம். அங்கே பிள்ளைகளின் கவனத்திலும் நினைவாற்றலிலும் மொழியிலும் சிறு பாதிப்பு தெரிந்தது. நம் இந்து சமுத்திரத்திலேயே இருக்கும் சீஷெல்சில் தாய்மார் கிழமைக்குச் சராசரி 12 நேரம் சாதாரணக் கடல் மீன் சாப்பிட்டார்கள். அங்கே வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தும் அப்படியான ஒரு தெளிவான பாதிப்பைக் காணவில்லை. 2010இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ரோமில் கூட்டிய நிபுணர் குழு, மீனே சாப்பிடாத தாயைவிட மீன் சாப்பிடும் தாயின் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி நன்றாக அமைய வாய்ப்பு கூட என்றது. இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளைத்தாச்சியிடம் மீனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கப்பல் விஷயம். அந்த அழிவை நான் சிறிதாக்கவில்லை. மே மாதம் 20ஆம் திகதி தீப்பிடித்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கி, 1486 கொள்கலன்களோடு போன கப்பல் அது. எங்கள் முகத்துவாரம், நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் பட்ட பாடு அருகிலிருந்து பார்த்தவள். ஆனால் பெரிய மீனில் இருக்கும் மெர்க்குரி அந்தக் கப்பல் கொண்டுவந்ததல்ல, அதற்கு முன்பே எல்லாச் சமுத்திரங்களிலும் இருந்தது. நைட்ரிக் அமிலம் கடலில் கரைந்து நீர்த்துப்போகும், மீனின் சதையில் வருடக்கணக்கில் சேர்ந்து நிற்கும் பொருள் அல்ல. பிளாஸ்டிக் மணி நிற்கும். மீன் தின்றால் அது பெரும்பாலும் குடலில்தான் கிடக்கும். ஆகவே சின்ன மீனானாலும் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து கழுவுங்கள். நெத்தலிக்கும் அப்படியே. நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே அதைத்தானே செய்கிறோம்.

கொழும்புக் கடலில் எனக்கு உண்மையான பயம் மட்டியில்தான். நகரத்தின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் குழாய் வழியாகக் கடலுக்குள் விடப்படுகிறது. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி வாழ்பவை, கிருமியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கர்ப்பிணிக்கு நகரத்தை ஒட்டிய மட்டி வேண்டாம். அரைவேக்காட்டு எதுவும் வேண்டாம், சூஷியும் வேண்டாம்.

தெஹிவளை_ரமணி:

அக்கா, நல்ல விளக்கம். இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன் அலுவலகத்துக்கு ஒரு கடையிலிருந்து சோற்றுப் பார்சல் எடுத்தோம், பலயா (ஒரு வகைச் சூரை) மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, முகம் சிவந்து, காது சுட்டு, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிப்பு. என்னோடு சாப்பிட்ட இன்னொருவருக்கும் அதேதான். மருந்து குடித்துப் பின்னேரம் சரியாகிவிட்டது. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து பலயா சாப்பிடுகிறவள். இப்போது எனக்கு மீன் ஒவ்வாமை வந்துவிட்டதா, அல்லது இதுவும் இரசாயனமா?

கொட்டாஞ்சேனை_அக்கா:

தங்கச்சி, நீங்கள் சொல்வது அச்சொட்டாக ஹிஸ்டமின், கெட்ட மீனில் உண்டாகும் ஒரு பொருள். ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்ததுதான் பெரிய அடையாளம். ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஒருவருக்கு வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது. இருந்தாலும் ஒருமுறை டொக்டரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். உண்மையான மீன் ஒவ்வாமை மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது, அதில் ஊகம் வேண்டாம்.

பலயா, கெலவல்லா, அலகொடுவா, கும்பளா, சாளை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டாகிவிட்டால் பிறகு ஐசில் போட்டும் பயனில்லை, பொரித்தும் பயனில்லை, கொதிக்க வைத்தும் பயனில்லை. கிருமி சாகும், ஹிஸ்டமின் இருக்கும். மணத்தையும் நம்ப முடியாது, நல்ல மீன் மாதிரியே மணக்கும். சிலருக்கு வாயில் மிளகு கடித்த மாதிரி ஒரு உறைப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கவளத்தையே துப்பிவிடுங்கள்.

எங்கள் வேலையில் இதற்குத்தான் அதிகக் கண்டிப்பு. ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியிலும் 9 மாதிரி எடுக்க வேண்டும். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஒன்றுகூட 200ஐத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுக்காரர் தட்டுக்குப் போகும் மீனுக்கு இவ்வளவு பார்க்கிறோம். நம் பிள்ளைகள் சாப்பிடும் சோற்றுப் பார்சலுக்கும் அதே கவனம் வேண்டும் என்று நான் வேலை செய்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

மஞ்சள் தடவி வைத்தால் கெடாது என்று வெளியே மேசையில் மீனை வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொறுக்காய்ப்புளி போட்டுச் சமைப்பது நல்ல பழக்கம், அந்தப் புளிப்பு கிருமி பெருகுவதைத் தடுக்கும். ஆனால் அதற்கு முன்பே சேர்ந்த ஹிஸ்டமினை அது எடுக்காது. ஐஸ் கட்டிய மீனைக் குசினித் திண்ணையில் இரவு முழுக்க இளக வைப்பதும் அதே தவறுதான். பிரிஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள்.

தம்பி, உங்களுக்கும் இதில் ஒரு சொல். பின்னேரம் வாங்குகிறேன் என்றீர்கள். காலையில் வந்த மீன் அந்த நேரம்வரை ஐசுக்குள் இருந்ததா, பலகையில் கிடந்ததா என்று பாருங்கள். மேலே நாலு ஐஸ் கட்டியைத் தூவி வைப்பது ஐசுக்குள் வைப்பது ஆகாது. முடிந்தால் சனி, ஞாயிறு காலையில் வாங்கி, அன்றே கழுவி, ஒரு நேரத்துக்கு ஒரு பொதியாகக் கட்டி உறைய வையுங்கள்.

முகத்துவாரம்_படகு:

எங்கள் குடும்பம் கடலை நம்பித்தான். அக்கா சொன்ன ஐஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். பலநாள் படகு கடலில் கிழமைக்கணக்கில் நிற்கும். முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே ஐஸ் அறையில்தான் வரும். கெலவல்லா, தலபத், பலயா எல்லாம் பெரும்பாலும் அப்படி வருகிறவை. ஐஸ் நன்றாகப் போட்ட படகு மீன் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கரைக்கு வந்த பிறகு வெயிலில் விடுவதுதான் அதைக் கெடுக்கிறது. சாளை, சூடை, கீரிமீன் பெரும்பாலும் அன்றே போய் அன்றே வரும் படகு மீன். வாங்கும்போது "எந்தப் படகு?" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நேர்மையான வியாபாரி சொல்லுவார். பேலியகொட மொத்தச் சந்தையில் விடிய முன்னமே வியாபாரம் நடக்கும், தெருவில் "மாலு, மாலு" என்று வருகிறவர்கள் பலர் அங்கே எடுத்து வருகிறவர்கள்தான். அவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அமத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். பம்பலப்பிட்டி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். கப்பலால் பட்ட அடியிலிருந்து நாங்கள் இன்னும் முழுதாக எழவில்லை. மீனைச் சோதித்து வாங்குங்கள், ஆனால் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள்.

பம்பலப்பிட்டி_77:

தம்பி முகத்துவாரம், மனதில் பட்டது. அக்கா எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். சின்ன மீனில் தொடங்கிப் பார்க்கிறோம். ஒன்று மட்டும்: டின்மீன், கருவாடு?

கொட்டாஞ்சேனை_அக்கா:

டின்மீன் பரவாயில்லை அண்ணா, அதில் வருவதும் பெரும்பாலும் நடுத்தர மீன்தான். டின்னில் ஆர்சனிக் என்று அவ்வப்போது பேச்சு எழும்பும். கடல் மீனில் உள்ள ஆர்சனிக்கின் பெரும்பகுதி உடம்பு அப்படியே வெளியேற்றிவிடும் வகை. கருவாட்டில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குறைக்க வேண்டும்.

மரைன்டிரைவ்_தம்பி:

அக்கா, எல்லாருக்கும் பெரிய நன்றி. மனைவியும் முழுவதையும் வாசித்தாள். நேற்று சூடை மீன் சொதி வைத்தோம், பயமில்லாமல் சாப்பிட்டாள். ஆனால் இப்போது வேறு பிரச்சினை. மாமியிடம் தொலைபேசியில் சொன்னேன், அவர் சொல்கிறார், "இப்போது என்னவும் சாப்பிடட்டும், பிள்ளை பிறந்த பிறகு பால் சுரக்கப் பால்சுறாதான் கொடுப்பேன், எங்கள் வீட்டில் எல்லாரும் சுறாவறை தின்றுதான் பிள்ளை வளர்த்தோம்" என்று. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வரவும் ஆயத்தம். பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை_அக்கா:

தம்பி, மாமி சொல்வது அன்பில். அவர்கள் காலத்தில் பருத்தித்துறைக் கரையில் சின்னப் பால்சுறா அன்றே வந்தது, அன்றே அவித்து உதிர்த்தார்கள், பத்தியத்துக்கு எளிதில் செமிக்கும் முள்ளில்லாத சதை அது. அந்த யோசனையில் பிழை சொல்ல மாட்டேன். முழங்கை நீளத்துச் சின்னச் சுறாவில் மெர்க்குரி, பெரிய சுறாவில் இருப்பதைவிடக் குறைவுதான். ஒருநாள் ஒரு பிடி தின்றால் ஆபத்து வந்துவிடாது. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் அது ஒருநாளோடு நிற்பதில்லை, கிழமைக்கணக்கில் போகும். கொழும்புச் சந்தையில் சுறா என்று கிடைப்பதோ பெரும்பாலும் பெரிய சுறாவின் துண்டு. மெதைல் மெர்க்குரி தாயின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மாதம் எடுக்கும். தாய்ப்பாலில் இறங்குவது, வயிற்றில் இருக்கும்போது தொப்புள்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. என்றாலும் பாலூட்டும் தாய்க்கும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதாலும், தாய் போதிய அளவு சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து ஓய்வெடுப்பதாலும். சுறாவில் இருக்கும் புரதம் விளைமீனிலும் உண்டு, பாரைக்குட்டியிலும் உண்டு. மாமியிடம் "சுறா நஞ்சு" என்று தொடங்காதீர்கள், அவர் வளர்த்த பிள்ளைகளையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். "மாமி, உங்கள் கையால் அதே வறையை விளைமீனில் செய்து தாருங்கள்" என்று கேளுங்கள். அவித்து முள்ளை எடுத்து உதிர்த்து, உள்ளி, மிளகு, சீரகம், தேங்காய்ப்பூப் போட்டால் வறை நன்றாகவே வரும். நானும் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிட்வைஃப் வாயால் கேட்டால் அவருக்கும் சங்கடம் இராது.

ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வருவதென்றால் சுறாவுக்குப் பதில் நல்ல நெத்தலிக் கருவாடு கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்க வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைக்கலாம். பச்சை மீனை இரவு பஸ்ஸில் ஐஸ் இல்லாமல் கட்டி வர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.